நுரையீரல் ஓரத்தில் ஒரு புள்ளி: குழாய் வழியே பார்ப்பது எப்படி?



"நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது" என்று டாக்டர் சொன்னதும், அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் நம்மில் பலருக்குக் காதில் விழுவதில்லை. மலாய் போராங்கில் அதைக் 'கெத்துலான்' என்று எழுதியிருப்பார்கள். மொழிபெயர்ப்பாளரான நான் அதைக் 'கட்டி' என்று சொன்னால், கேட்பவர் புற்றுநோய் என்றே முடிவு செய்துவிடுகிறார். ஆகவே இங்கே புள்ளி என்றே சொல்கிறேன். அது பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். சில புள்ளிகளுக்கு மறு ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். சிலவற்றில் சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தாக வேண்டும்.

அந்தத் துணுக்கை எடுப்பதில்தான் சிக்கல். மூச்சுக்குழாய் கிளைகிளையாக இருபது தடவைக்கு மேல் பிரிந்து, ஓரத்தில் நூல்போல் மெலிந்துவிடுகிறது. பினாங்கு ரோட்டில் பஸ் போகும். லிட்டில் இந்தியாவின் பின்சந்தில் சைக்கிள்தான் நுழையும். வளையக்கூடிய பிராங்கோஸ்கோப் கருவியை 1960களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெதோ இகெடா உருவாக்கினார். வழக்கமான கருவியின் தடிமன் 5, 6 மில்லிமீட்டர். பெரிய கிளைகளைத் தாண்டி அதனால் போக முடியாது.

அதற்கு அப்பால் படங்கள்தாம் வழிகாட்டுகின்றன. ஒரு முறையில், கருவிக்குள் 1.4 மில்லிமீட்டர் அளவே உள்ள அல்ட்ராசவுண்ட் கம்பியைச் செலுத்துகிறார்கள். காற்று நிறைந்த நல்ல நுரையீரல் திரையில் பனி கொட்டுவதுபோல் வெள்ளையாகத் தெரியும்; புள்ளி வந்ததும் அங்கே கருமை தட்டும். இன்னொரு முறையில், உங்கள் சிடி ஸ்கேனையே வரைபடமாக்கி, கைப்பேசியில் வழி பார்த்துக் கார் ஓட்டுவதுபோல் கருவியைக் கொண்டுபோகிறார்கள். ஒரு சங்கடம்: ஸ்கேன் எடுக்கையில் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தீர்கள். மயக்கத்தில் படுத்திருக்கும்போது நுரையீரல் சற்றுச் சுருங்கிவிடும், புள்ளியும் இடம் மாறும். அதனால் சில இடங்களில் சிகிச்சை மேசையிலேயே மறுபடி ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்கிறார்கள். இந்தக் கருவிகள் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. உங்களை வேறோர் இடத்துக்கு அனுப்பினால், நோய் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

"முதுகில் ஊசி போட்டு எடுக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம். அமெரிக்காவில் 10 முதல் 30 மில்லிமீட்டர் புள்ளி உள்ளவர்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளியானது. சரியான முடிவு கிடைத்தது குழாய் முறையில் 79 விழுக்காடு, ஊசி முறையில் ஏறத்தாழ 74. ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது குழாய் முறையில் 3 விழுக்காட்டினருக்கு, ஊசி முறையில் 28 விழுக்காட்டினருக்கு. உங்களுக்கு எது பொருத்தம் என்பது புள்ளி இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

79 என்பது 100 அல்ல. "ஒன்றும் அகப்படவில்லை" என்று அறிக்கை வந்தால், ஒன்றும் இல்லை என்று பொருளாகாது. சந்தோஷத்தில் அடுத்த தேதிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். "அடுத்து என்ன?" என்று கேளுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. இனிப்புநீர் மருந்தையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று வெறும் வயிறு. கோப்பி ஒரு வாய்கூட வேண்டாம். முடிந்த பின்னும் தொண்டை மரத்திருக்கும், தாதி அனுமதிக்கும்வரை தண்ணீர் குடித்தால் புரையேறும். சளியில் கொஞ்சம் இரத்தம் ஓரிரு நாள் வரலாம். அதிகமாக வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ 999க்கு அழையுங்கள்.

பிள்ளைகள் உடன் வருவது நல்லதுதான். ஆனால் "அப்பாவிடம் சொல்ல வேண்டாம்" என்று அவர்கள் என் காதோரம் சொல்வதை நான் ஏற்பதில்லை. போராங்கில் கையெழுத்துப் போடுவது நீங்கள். புரியாத வரிக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று பேனாவை எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.