பட்ஜெட் போட்ட மக்கள்

மாநகராட்சி பட்ஜெட்டை யார் போடுவார்கள்? மேயரும் அதிகாரிகளும் என்றுதான் சொல்வோம். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989இல் அந்த வழக்கம் மாறியது. மாற்றியவர் மேயர் ஒலிவியோ துத்ரா. வங்கி ஊழியராக இருந்து, தொழிற்சங்கத் தலைவராக வளர்ந்தவர்.

நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடினார்கள். முதலில் வேண்டியது குடிநீரா, சாக்கடையா, சாலையா என்று அவர்களே பேசி வரிசைப்படுத்தினார்கள். வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண் தரப்பட்டது. அதனால் பணம் ஏழைகள் வாழும் இடத்தைத் தேடிப் போனது. சொன்ன வேலை நடந்ததா என்று அடுத்த ஆண்டு கூட்டத்தில் நிர்வாகம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நியூயார்க், பாரிஸ், நம் நாட்டில் புனே எனப் பல நகரங்கள் இந்த வழியை எடுத்துக்கொண்டன. ஆனால், பின்னால் வந்த நிர்வாகங்களுக்கு ஆர்வம் குறைந்தபோது, பிறந்த ஊரிலேயே திட்டம் தளர்ந்தது.

கதவைத் திறக்கத் தலைவர் வேண்டும். அது மூடாமல் பார்த்துக்கொள்ள மக்கள் வேண்டும். உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று இன்றைக்கே விசாரியுங்கள். போய் உட்காருங்கள், கேளுங்கள். செலவாவது நம் வரிப்பணம்.