தலைவலி: ஒதுங்குவதா, பழகுவதா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் தர்றோம். கம்பெனி கதை வேண்டாம், நாலு பேருக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னார். அதனால் தலைவலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேலதிகாரியால் வரும் தலைவலி இல்லை, அதற்கு மருந்து கிடையாது. மாதத்தில் நாலைந்து நாள் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடுகிற நிஜத் தலைவலி.

தலைவலிக்காரர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். வெயில் ஆகாது, ஊதுபத்தி வாசனை ஆகாது, ஸ்பீக்கர் சத்தம் ஆகாது, சாக்லேட் ஆகாது. டாக்டர் சொன்னது பாதி, பக்கத்து வீட்டு மாமி சொன்னது பாதி. இவற்றைத் தூண்டிகள் என்கிறார்கள். தூண்டியைக் கண்டால் ஒதுங்கு என்பதுதான் காலம் காலமாகச் சொல்லப்படும் யோசனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

என் அம்மாவுக்கு இருபது வருஷத்துக்கு மேலாக ஒற்றைத் தலைவலி. முதலில் வெயிலை விட்டார்கள். பிறகு சாம்பிராணியை விட்டார்கள். பிறகு மல்லிகைப் பூ. மேளச் சத்தம் ஆகாது என்று கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு நிற்காமல், முதல் நாள் வரவேற்பிலேயே தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கடைசியில் அதுவும் நின்றது. இவ்வளவு விட்டும் தலைவலி குறைந்ததா என்றால், இல்லை. பட்டியல்தான் நீண்டது. ஜன்னல் திரையைப் போட்டுக்கொண்டு ஒரு அறையில் இருப்பதே வாழ்க்கை என்று ஆகிவிட்டது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். அளவெடுக்காமல் எதையும் நம்பாதே என்று இதே கட்டிடத்தில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தலைவலி வந்த நாளில் மட்டும் "இன்றைக்கு என்ன சாப்பிட்டோம், எங்கே போனோம்" என்று யோசித்தால் கண்ணில் பட்டதெல்லாம் குற்றவாளி. தலைவலி வராத நாளிலும் அதையே எழுத வேண்டும். அம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து மூன்று மாதம் தினமும் எழுதச் சொன்னோம். அக்கம்பக்கத்திலிருந்து சாம்பிராணி வாசனை வந்த நாட்களில் பெரும்பாலானவற்றில் தலைவலியே இல்லை! பகல் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போன நாட்களில்தான் அது அடிக்கடி வந்திருந்தது.

ஆராய்ச்சிகளும் இப்படித்தான் சொல்கின்றன. 1997-ல் அமெரிக்காவில் தலைவலிக்காரப் பெண்கள் 63 பேருக்குச் சாக்லேட்டையும், அதே மாதிரி ருசிக்கும்படி செய்த கரோப் என்ற வேறொரு மிட்டாயையும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். சாக்லேட்டால் தலைவலி கூடுதலாக வரவில்லை. 2013-ல் டென்மார்க்கில், கண்ணில் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருகிறவர்களில், பளிச்சென்ற வெளிச்சமோ கடும் உடலுழைப்போ தனக்கு ஆகாது என்று சொன்ன 27 பேருக்கு அதையே கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று பேருக்குத்தான் அந்த வகைத் தலைவலி வந்தது. இன்னும் மூன்று பேருக்கு ஒளி மின்னாத தலைவலி. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒற்றைத் தலைவலி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே சிலருக்கு இனிப்பு மேல் ஆசை வரும், வெளிச்சமும் வாசனையும் உறுத்தும். தாக்குதல் தொடங்கிவிட்டதன் அடையாளத்தைக் காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆஸ்திரேலிய உளவியலாளர் பால் மார்ட்டின் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். பயத்துக்கு ஒதுங்கினால் பயம் வளரும், இது எல்லோருக்கும் தெரியும். தூண்டிக்கு ஒதுங்கினால் அதைத் தாங்கும் சக்தியும் அப்படியே குறையாதா என்று கேட்டார். அவர் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒதுங்கச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூண்டியைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தலைவலியும் குறைந்தது, மாத்திரையும் குறைந்தது.

எல்லாவற்றுக்கும் பழகிவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பட்டினிக்கும், தூக்கக் கேட்டுக்கும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கும் பழகக் கூடாது. அங்கே ஒழுங்குதான் மருந்து. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுந்திருப்பது நல்லது. பழகுவதெல்லாம் வெளிச்சம், சத்தம், வாசனை, மனஅழுத்தம் இவற்றுக்குத்தான்.

எப்படிப் பழகுவது? டாக்டர் எங்களை ஒரு உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். முதலில் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. ஒவ்வொரு தசையாக இறுக்கி விடுவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1929-லேயே இந்த முறையைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். பிறகு கையைச் சூடாக்கும் பயிற்சி. விரலில் ஒரு வெப்ப உணரியைக் கட்டி, திரையில் அளவைப் பார்த்துக்கொண்டே மனதைத் தளர்த்தி விரலின் வெப்பத்தை ஏற்றுவது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், மெனிங்கர் நிறுவனத்தில் ஒற்றைத் தலைவலிக்காக இதைச் செய்து பார்த்தார்கள். நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். சென்சார் இருக்கிறது, டிஸ்பிளே இருக்கிறது, கன்ட்ரோலர் மட்டும் நம் மண்டைக்குள். மூடிய சுற்று!

இது கைவந்த பிறகுதான் சாம்பிராணி. கூடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம். அம்மா, "என்னடா, சாம்பிராணியோட என்னைச் சமாதானம் பேசச் சொல்றே?" என்றார்கள். அடுத்த வாரம் பத்து நிமிஷம். பிறகு பூஜை முடிகிற வரை. சத்தமும் இதே மாதிரி, டிவியில் தொடங்கி வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டம் வரை. தலைவலி வந்துவிட்ட நாளில் பயிற்சி கிடையாது. எட்டு மாதம் கழித்து என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது அம்மா மணமேடைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள், தலையில் மல்லிகையோடு. ஒற்றைத் தலைவலி அடியோடு போய்விடவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு வரத்தான் செய்கிறது. மாத்திரையும் தேவைப்படும்போது உண்டு.

மாத்திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தலைவலி அடிக்கடி வருகிறவர்கள் சாதாரண பாராசிட்டமாலையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். மேஜை டிராயரில் அட்டை அட்டையாக வைத்திருக்கும் நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பல நாள் போட்டு வந்ததைத் தானாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி வருகிற தலைவலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தது, கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ உள்ளது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது – இவற்றுக்கு நோட்டும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மணி ஒன்றாகப் போகிறது, பந்தி தயார் என்று கை காட்டுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் யாருக்காவது சாப்பாடு தள்ளிப்போய்த் தலைவலி வந்தால் பழி என் மேல்தான் விழும். நோட்டை எப்படிக் கோடு போட்டு எழுதுவது என்று ஒரு தாளில் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.