மரம் அறுக்கும் வாளின் மாற்றுச் சங்கிலிகள்



ஒரு திங்கட்கிழமை காலை, நான்காம் ஆண்டு மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு பையன் மட்டும் பென்சிலைத் தொடவில்லை; வலக்கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டான். விரல்களில் துணிக்கட்டு. "கட்டிலுக்கு அடியில் பந்து உருண்டுவிட்டது சார். எடுக்கப் போனேன். அப்பாவின் வாள் சங்கிலி கிழித்துவிட்டது" என்றான்.

அவன் தந்தை மறுநடவுக்காக முதிர்ந்த ரப்பர் மரங்களை அறுப்பவர். அன்று மாலை அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் ஐந்து சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. "காலையில் இதைப் பிரிக்கவே அரைமணி நேரம் போய்விடுகிறது, வாத்தியாரையா. வேறு எங்கே வைப்பது? இடம் இல்லையே" என்றார். மரக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு அரைமணி நேரம் என்பது வீட்டுச் சோறு அல்லவா?

நேயர்களே, ஐந்து சங்கிலிகளுக்கு அறை வேண்டியதில்லை. ஒரு பலகையும் ஐந்து ஆணிகளும் போதும். ஆனால் முறை வேண்டும்.

முதலில் துப்புரவு. மரத்தூளும் பாலும் ஒட்டிய சங்கிலியை அப்படியே வைத்தால் துருப்பிடிக்கும். கையுறை அணிந்து, மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, எண்ணெய் பூசுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவும் கூடாது.

இரண்டாவது அடையாளம். எல்லாச் சங்கிலியும் எல்லா வாளுக்கும் பொருந்தாது. மூன்று அளவுகள் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தை அளந்து, இரண்டால் வகுத்தால் வருவது முதல் அளவு. முக்கால் அங்குலம் இருந்தால், அது எட்டில் மூன்று அங்குலச் சங்கிலி. வாளின் தகட்டை 'பார்' என்கிறோம். அதன் பள்ளத்தில் ஓடும் உட்பற்களின் தடிப்பு இரண்டாவது அளவு. அந்த உட்பற்களின் எண்ணிக்கை மூன்றாவது.

எண்ணிக்கையை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். 20 அங்குலப் பாருக்குரிய எட்டில் மூன்று அங்குலச் சங்கிலியிலும், 18 அங்குலப் பாருக்குரிய 0.325 அங்குலச் சங்கிலியிலும் உட்பற்கள் 72 ஆகவே இருப்பதுண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்ட முடியாது. ஆகவே மூன்று அளவுகளையும் ஓர் அட்டைத் துண்டில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

மூன்றாவது வரிசை. கூர் தீட்டியவற்றுக்கு வெள்ளைத் துணி, தீட்ட வேண்டியவற்றுக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். கூரானவற்றை இடமிருந்து வலமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரே சங்கிலியைத் தேயும்வரை ஓட்டினால், அதை இழுக்கும் பல்சக்கரமும் தேயும். தேய்ந்த சக்கரம் பிறகு மாட்டும் புதுச் சங்கிலியையும் கெடுக்கும். விரிசல் கண்ட சங்கிலியை 'இருக்கட்டும்' என்று சேர்த்து வைக்காதீர்கள். ஓடும்போது அறுந்தால் ஆளையே அடிக்கும்.

கடைசியாக உயரம். பலகையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், மழைச்சாரல் படாத சுவரில் அடியுங்கள். ஓர் ஆணிக்கு ஒரு சங்கிலிதான். பற்கள் ஒன்றோடொன்று உரசினால் கூர் போய்விடும். சுவரில் இடமில்லாதவர்கள், ஆளுக்கொரு மூடியுள்ள பால்மாவு டின் என்பதுபோல், சங்கிலிக்கொரு டின் வைத்துப் பரண்மேல் ஏற்றிவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பலகை ஏறியது. தந்தை கையுறையோடு சங்கிலியை நகர்த்தினார்; மகன் தொடாமல், எட்ட நின்று உட்பற்களை எண்ணினான். மூன்றாவது சங்கிலியில் தந்தைக்கு 71 வந்தது, மகனுக்கு 72. மறுபடி எண்ணினார்கள். மகன் சொன்னதே சரி. விரல் ஆறியதும் ஐந்து அட்டைகளையும் அவனே எழுதினான்.

இன்று வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பிள்ளையின் கை அங்கே போவதற்குமுன் உங்கள் கை போகட்டும்.