அல்லியின் கோட்டையும் பெண்ணின் கையொப்பமும்

(மன்னாரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பண்டை உரோமரிடையும் கெல்த்தியரிடையும் பெண்டிர் பெற்றிருந்த இடம் யாது என்பதைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நெல்லையும் மீனையும் பற்றிப் பேசவேண்டிய ஊரில் உரோமாபுரி எதற்கு என்று எவரேனும் எண்ணலாம். உரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்திலே கிடந்த முத்துக்களில் ஒரு பகுதி நம்முடைய இந்தக் குடாக்கடலிற் குளித்தெடுத்தவை. ஆகவே, உறவு நாமாகக் கற்பித்துக்கொண்டதன்று.

லொல்லியா பவுலீனா என்ற சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கே நான்கு கோடி செஸ்தர்ஸ் பெறுமதியான முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தாமே கண்டதாகப் பிளினி எழுதியிருக்கின்றார். இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்தர்சை விழுங்கிவிடுகின்றன என்று கணக்கிட்டவரும் அவரே. பழியை ஆடம்பரத்தின் மீதும் பெண்கள் மீதும் சுமத்தினார். படையெடுப்புக்களுக்குச் செலவான பொன்னை அவர் அவ்வளவு கரிசனையோடு எண்ணிப் பார்த்தாரோ, அறியேன்! கி.மு. 195இல், பொன்னணியையும் வண்ண ஆடையையும் கட்டுப்படுத்திய ஒப்பியச் சட்டத்தை நீக்கக் கோரி உரோமப் பெண்கள் தெருக்களை நிறைத்து நின்றார்கள். கேட்டோ எதிர்த்தார். சட்டம் நீங்கியது.

இனி, ஆண்ட பெண்களுக்கு வருவோம். கி.மு. 300 அளவில் சந்திரகுப்தனின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ், ஹெரக்கிளிஸ் தன் ஒரே மகள் பண்டையாவுக்குத் தெற்கே ஒரு நாட்டைக் கொடுத்தான் என்று ஒரு கதை சொன்னார். அம்மகளை அணிசெய்யவே கடலில் முத்துத் தேடப்பட்டதாம். பாண்டியரின் பெயர் அக்கதையில் ஒலிப்பதை எவரும் உணரலாம். நம் மக்களிடமும் இதை ஒத்த கதை உண்டு. மன்னாருக்குத் தெற்கே குதிரைமலையில் அல்லி அரசாணி ஆண்டாள் என்பது கரையோர மக்களின் மரபு. பிளினி கூறும் ‘ஹிப்புரோஸ்’ துறைமுகம் இக்குதிரைமலையே என்று அறிஞர் சிலர் கருதுவர்.

அரிப்புக் கடற்கரையிலுள்ள இடிபாட்டையும் ‘அல்லி ராணி கோட்டை’ என்றே அழைக்கின்றோம். அதைக் கட்டியவர் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். முத்துச்சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பிய மாளிகை அது. தூண்களோ கிரேக்கப் பாணி! வெள்ளைக்காரத் துரையின் வீட்டைக்கூட ஒரு தமிழரசியின் பெயருக்கு எழுதிவைத்த மக்கள் நாம். ஆயினும், அல்லி அரசாணி மாலை என்ன சொல்கின்றது? ஆண்வாடை வேண்டாமென்று ஆண்ட அல்லியை அர்ச்சுனன் சூழ்ச்சியால் மணந்த கதையையே சொல்கின்றது. ஆண்டவளின் ஆட்சியைப்பற்றி நாலு சொல். அவளை அடக்கியதைப்பற்றி நாற்பது.

பிரித்தானியாவிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே கெல்த்திய இனத்தவரான இசெனியரின் அரசன் பிரசுதாகஸ், தன் உடைமையில் உரோமப் பேரரசனுக்கும் தன் இரு புதல்வியருக்கும் பங்கு வைத்து இறந்தான். உரோம அதிகாரிகள் அனைத்தையும் பறித்தனர். அவன் மனைவி பூடிக்காவைச் சவுக்காலடித்தனர், புதல்வியரைக் கெடுத்தனர். கி.பி. 60, 61 அளவில் அவள் படை திரட்டி, இலண்டன் உட்பட மூன்று நகரங்களை எரித்தாள். இதை நாம் அறிவது யார் வாயிலாக? அவளை வென்ற உரோமரின் நூல்கள் வாயிலாக. தலைமைக்கு ஆண் பெண் வேறுபாடு பார்க்காதவர் பிரித்தானியர் என்று தசிதஸ் எழுதியதில் வியப்பைக் காணலாம், விளக்கத்தைக் காணமுடியாது. பூடிக்காவின் போரைப் பலரும் பாடுவர். அப்போர் பெண்மக்களின் முதுசம் பறிபோனதிலிருந்து தொடங்கியது என்பதைச் சிலரே நினைப்பர்.

வென்றவன் எழுதாததை மண் சொல்லத் தொடங்கியிருக்கின்றது. இங்கிலாந்தின் தென்கரையான டோர்செற்றில், உரோமர் வருமுன்னும் வந்தபின்னும் புதைக்கப்பட்டோரின் எலும்புகளை ஆராய்ந்து, டப்ளின் திரித்துவக் கல்லூரி அறிஞர்கள் 2025இல் முடிவு வெளியிட்டனர். அவ்வூரிற் பெரும்பாலோர் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்கள். பெண்கள் பிறந்த ஊரிலேயே நிலைத்தார்கள். ஆண்களே மணம்முடித்து வந்து சேர்ந்தார்கள். சீதன வீட்டுக்குக் குடிபோகும் மாப்பிள்ளையை நன்கறிந்த வடபுலத்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

நம் மண்ணிலும் சான்றுண்டு. ஈழத்துப் பிராமிக் கல்வெட்டுக்களிலே குகைகளைத் தானம் செய்த பெண்கள் தம் பெயரிலேயே நிற்கின்றார்கள். ‘பருமக’ என்ற தலைவனுக்குப் பெண்பாலாகப் ‘பருமகள்’ என்ற வழக்கும் அங்கே உண்டு. கொடுத்தாள் என்றால் கொடுப்பதற்கு அவளிடம் ஏதோ இருந்தது. ஆகவே, முடிசூடியவளைக் காட்டிலும், கொடுக்கவும் விற்கவும் வல்லவளாய் இருந்தவளையே ஆராய்ச்சி தேடவேண்டுமென்பது என் துணிபு.

அந்தக் கண்ணோடு உரோமச் சட்டத்தைப் பாருங்கள். மணமான பெண்ணின் சொத்துப் பெரும்பாலும் கணவனுடையதாகவில்லை; ஆயினும், நிலத்தை விற்க அவளுக்குப் பாதுகாவலன் ஒருவனின் ஒப்புதல் வேண்டியிருந்தது. மூன்று பிள்ளை பெற்றவளை அகுஸ்தஸ் அக்கட்டிலிருந்து விடுவித்தான். தந்தைவழி உறவினர் பாதுகாவலராகும் முறையைக் குளோதியஸ் நீக்கினான். பெண்ணின் மனம் இலேசானது என்ற காரணம் பொருந்தாது என்றும், வயதுவந்த பெண்கள் தம் காரியத்தைத் தாமே பார்க்கின்றார்கள் என்றும் இரண்டாம் நூற்றாண்டுச் சட்டவாணர் காயுஸ் எழுதிவிட்டார். கி.பி. 263இல், எகிப்திலே ஔரேலியா தைசூஸ் என்ற பெண் அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதினாள்: எனக்கு மூன்று பிள்ளைகள்; எழுதவும் நன்கறிவேன்; இனிப் பாதுகாவலன் இன்றியே என் காரியங்களை நடத்துவேன் என்பது அதன் சாரம். அந்த ஏடு இன்றும் இருக்கின்றது.

நம் நிலை என்ன? வடமாகாணத் தமிழரின் வழமைகளை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் சரிபார்த்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பகுப்பு அதிலே உண்டு. பெண்ணுக்குத் தனிச்சொத்தை ஏற்கும் வழமை நம்முடையது, அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் 1911இன் சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்று விதித்தது. மரணசாசனம் எழுத அச்சம்மதம் தேவையில்லை! இறந்தபின் காணி யாருக்கென்று தீர்மானிக்கும் அறிவுடையவள், உயிரோடிருக்கையில் அதை ஈடுவைக்கும் அறிவற்றவளா? நாட்டின் பொதுச்சட்டத்துக்குட்பட்ட மனைவியரை 1923இன் சட்டம் இத்தளையிலிருந்து விடுவித்தபோது, தேசவழமைக்குட்பட்டவளை விலக்கியே விடுவித்தது.

2007, 2008ஆம் ஆண்டுகளில் முசலி தொடங்கி விடத்தல்தீவு வரை ஊர்கள் பெயர்ந்தன. போர் முடிந்து திரும்பிய பெண்களிற் பலர் கணவனைப் புதைத்தவர்கள். சிலர் கணவன் எங்கேயென்று அறியாதவர்கள். இவ்வாறு காணாமற்போனவனிடம் எந்த நொத்தாரிசு கையொப்பம் வாங்குவார்? கணவனின் இருப்பிடம் தெரியாவிடில் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாமென்று அச்சட்டமே வழி வைத்திருக்கின்றது. ஆனால் விதைப்புக்குக் கடன் தேடும் பெண், வழக்குச் செலவுக்கும் கடன் தேடவேண்டுமா?

தேசவழமையைத் தொட்டால் தமிழரின் தனித்துவம் போய்விடும் என்பாரும் உளர். அவர்களுடைய அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் நான் நீக்கக் கேட்பது சீதனத்தையும் முதுசத்தையும் அன்று. 1911இலே சட்டசபை எழுதிய ஒரு வாசகத்தை. கட்டுக்கரைக் குளத்தின்கீழ் அனுமதிப்பத்திரக் காணி செய்வோர் ஒன்றை அறிவீர்கள். 1935இன் காணி அபிவிருத்திச் சட்டம் வாரிசு வரிசையிலே மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022இல் அது திருத்தப்பட்டது. அதனால் எந்த வயலும் வற்றிப்போகவில்லை.

இங்கே சட்டவாணரும் இருக்கின்றீர்கள், உழவரும் இருக்கின்றீர்கள். சட்டவாணர் இத்திருத்தத்துக்கான வாசகத்தை எழுதித் தாருங்கள். அதை நம் பிரதிநிதிகளிடம் சேர்ப்போம். உழவர்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறவுங்கள். பாட்டியின் சீதன உறுதி, பூச்சியரித்த ஓலை, இடம்பெயர்ந்தபோது மடியில் கட்டிக் கொண்டுபோன கடதாசி, எதுவானாலும் படியெடுத்து வையுங்கள். மாந்தையிலே 1980இல் தொடங்கிய அகழ்வைப் போர் 1984இல் நிறுத்திற்று. மண்ணுக்குள் இருப்பது காத்திருக்கும். பெட்டகத்தில் இருப்பது இன்னொரு மாரிக்குத் தாங்காது.