சரக்கிற்குப் பெயரிடுமுன்

(வில்லாபுரத்தில் நடைபெற்ற நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பங்களில் புதிதாய்க் கைத்தொழில் தொடங்குவோர் தொகை பெருகி வருதல் மகிழ்ச்சிக்குரியது. அப்பளமும் வடகமும் இடுவோர் உளர். புடவைக்குச் சாயம் தோய்ப்போர் உளர். ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சரக்கனுப்ப எண்ணும் இளைஞரும் உளர். முதலைப்பற்றியும் இடத்தைப்பற்றியும் பல நாள் யோசிக்கும் இவர்கள், சரக்கின் பெயரைப்பற்றி ஒரு நாழிகையும் யோசிப்பதில்லை. அதனால் விளையும் இடர்களைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

நாம் நேரில் அறிந்த ஒன்றை முதலிற் கூறுவோம். நம்மவர் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்து அப்பளத் தொழில் தொடங்கினார். சந்தையில் நன்கு விலைபோகும் ஒரு சரக்கின் பெயரை எடுத்து, அதன் முன் 'ஸ்ரீ' என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டார். உறையின் நிறமும் ஏறக்குறைய அதுவே. சரக்கு விற்றது. ஆறாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அச்சிட்ட உறைகள் யாவும் குப்பைக்குப் போயின. அவருடைய அப்பளத்தில் யாதொரு குற்றமுமில்லை. உளுந்தும் நல்லது, கைப்பக்குவமும் நல்லது. ஆயினும் ஆறு மாதம் தாம் உழைத்தது பிறர் பெயரை வளர்க்கவே என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார். அந்நகை இன்னும் மீளவில்லை.

பிறர் பெயரை நாடாதவரோ மற்றொரு குழியில் வீழ்கின்றனர். 'சுத்தம்', 'ருசி', 'மதுரை' என்று எல்லோர்க்கும் பொதுவான சொல்லையே பெயராக்குகின்றனர். சரக்கின் குணத்தையோ பிறந்த ஊரையோ மட்டும் கூறும் சொல்லை ஒருவர்க்கே உரிமையாக்க 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. நம் நகரில் மீனாட்சி என்னும் திருநாமம் தாங்கிய கடை இல்லாத தெரு உண்டோ? பக்தியால் இடுவது போற்றத்தக்கதே. ஆனால் பத்துக் கடைக்கும் ஒரே பெயராயின், வாங்குவோர் நம்மை எங்ஙனம் நினைவில் வைப்பர்?

ஆகவே உறை அச்சிடுமுன், நாம் எண்ணிய பெயர் முன்னரே பதிவாகியுள்ளதா என்று தேடுதல் வேண்டும். வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் இதனைச் செலவின்றித் தேடலாம். நம் மாகாணத்தார்க்குச் சென்னையிலுள்ள பதிவகமே உரியது. தனி மனிதரும் சிறு தொழிலாளரும் இணையவழி விண்ணப்பிக்க, இன்றுள்ள விதிப்படி வகுப்பு ஒன்றுக்கு ரூபாய் 4,500 கட்டணம். பதிவு 10 ஆண்டு நிற்கும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவாகுமுன்னே வட்டத்துள் 'ஆர்' எழுத்திட்டுப் பெருமை கொள்வது சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மறவாதீர்கள்.

பெயரை நாம் வைத்தாலும், அதை வழங்குவோர் மக்களே. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு என்பார் 1957இல் தொடங்கிய பிரியாணிக் கடையின் பெயர் ஆனந்த விலாஸ். அவர் எப்பொழுதும் தலைப்பாகை கட்டியிருந்தமையால் மக்கள் அதனைத் 'தலப்பாக்கட்டி' கடை என்றே அழைத்தனர். பலகையில் எழுதிய பெயரினும் மக்கள் வாயில் வழங்கிய பெயரே நாடெங்கும் பரவிற்று. பிறரும் அத்தகைய பெயரைச் சூடிக்கொள்ள, பிற்காலத்தில் வழக்கு நீதிமன்றம் ஏறியது. உங்களை வாங்குவோர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்று செவிகொடுத்துக் கேளுங்கள். அதனையும் காலத்தில் பதிவு செய்யுங்கள்.

இது தனியொருவர் பெயரின் கதை. ஊரார் பலர்க்கும் பொதுவான பெயரும் உண்டு. மதுரைச் சுங்குடியை அறியாதார் யார்? துணியில் நூலாற் சிறுசிறு முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளி எழுப்புவது அதன் முறை. 2005இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் அச்சிட்ட புள்ளியுடைய துணியும் சுங்குடி என்றே கடைகளில் விற்கின்றது. குறியீடு பெற்றதனாலேயே பெயர் காக்கப்பட்டுவிடாது. அத்தொழில் செய்வோர் தாமும் பயன்படுத்துவோராகப் பதிந்துகொள்ள வேண்டும். முடிச்சிட்டது இது, அச்சிட்டது இது என்று வாங்குவோர்க்கு விளங்கக் காட்டவும் வேண்டும். மலிவுக்காக நம்மவரே அச்சுத்துணியைச் சுங்குடி என்று விற்பின், பிறரை நோவது எவ்வாறு?

இனி ஆப்பிரிக்காவை எண்ணும் இளைஞர்க்கு ஒரு சொல். அக்கண்டத்தார்க்கு நம் நாட்டுத் துணி புதிதன்று. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள், சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற கட்டம்போட்ட கைத்தறித் துணியை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பிலும் இறப்பிலும் பயன்படுத்தி வந்துள்ளனர். இங்கிலாந்தின் ஆலைகள் அதனைப்போல் நெய்தனுப்பின. ஆனால் கலபாரி மக்கள் தொட்டும் முகர்ந்துமே அசலைத் தெரிந்துகொண்டனர். கீழ்க்கரையிலுள்ள மொம்பாசாவிலோ, இந்தியாவிலிருந்து குடியேறிய வணிகக் குடும்பம் ஒன்று தான் விற்ற காங்கா என்னும் துணியில் 'மாலி யா அப்துல்லா', அதாவது 'அப்துல்லாவின் உடைமை' என்று அவ்வூர்ச் சுவாகிலி மொழியிலேயே பொறித்தது. அக்குறியைக் கண்டு வாங்கும் வழக்கம் அங்கு நிலைத்தது.

இவற்றால் அறிவது யாது? அயல்நாட்டார் எதையும் வாங்குவர் என்று எண்ணி மட்டமான சரக்கை அனுப்புதல் பெருந்தவறு. நாம் இடும் பெயர் அவர்கள் வாய்க்கு எளிதா, அவர்கள் மொழியில் தகாத பொருள் தருமா என்று அவ்வூராரையே கேட்டறிதல் வேண்டும். இந்தியாவிற் செய்த பதிவு இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். 2013 முதல் நம் நாடு சேர்ந்துள்ள மாட்ரிட் உடன்படிக்கையின் வழியே கென்யா போன்ற நாடுகளிலும் உரிமை கோரலாம். அதனைச் செய்யாது சரக்கனுப்பினால், அங்குள்ள ஏஜெண்டே நம் பெயரைத் தம் பெயரிற் பதிந்துகொள்ளக் கூடும்.

சகோதரர்களே! நகை அடகு வைத்த அவ்வன்பர் இன்று வேறொரு பெயரில், தம் சொந்தப் பெயரில், மீண்டும் அப்பளமிடுகின்றார். முன்னிலும் மெதுவாகவே விற்கின்றது. ஆனால் விற்பதெல்லாம் அவருடையது. புதிதாய்த் தொழில் தொடங்குவோர் உறை அச்சிடுமுன் ஒருமுறை நம் சங்கத்துக்கு வந்து, படித்த இளைஞர் உதவியுடன் பெயரைத் தேடிப் பார்த்துச் செல்லும் வழக்கத்தை இம்மாதமே ஏற்படுத்த வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, நம் உரையை முடித்துக்கொள்ளுகின்றோம்.