ஊர் செல்வோரும் வீட்டு நாயும்

தில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் முதலிய நகரங்களில் உத்தியோகம் காரணமாகக் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டில் ஒரு முறையேனும் ஊர்ப் பயணம் உண்டு. பொங்கலாக இருக்கலாம்; கோடை விடுமுறையாக இருக்கலாம்; குலதெய்வ வழிபாடோ உறவினர் வீட்டுத் திருமணமோ ஆகலாம். புறப்படுமுன் பாலை நிறுத்தச் சொல்லுகிறோம். செடிகளுக்கு நீர் ஊற்றும்படி அண்டை வீட்டாரை வேண்டிக்கொள்ளுகிறோம். சாவியை நம்பிக்கையானவரிடம் ஒப்படைக்கிறோம். ஆனால் வீட்டில் நாய் ஒன்று வளருமாயின், இந்த ஏற்பாடுகள் எவையும் அதற்குப் போதா. அதனைப் பூட்டி வைத்துவிட்டுப் போகவும் முடியாது. நினைத்தபோது உடன் அழைத்துச் செல்லவும் முடியாது. அப்படிப்பட்ட வேளையில் அதனை நல்லதொரு நாய் விடுதியில் விட்டுச் செல்வது எவ்வாறு என்பது குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

உடன் அழைத்துச் செல்வதைப் பற்றி முதலில் பார்ப்போம். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் வழி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்; விரைவு வண்டியிலும் ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம். ரயில்வே விதிகளின்படி, முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நம் குடும்பத்துக்கே பதிவு செய்துகொண்டால்தான் நாயை நம்முடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் சாதாரணப் படுக்கை வகுப்பிலும் அதற்கு இடமில்லை. மற்றொரு வழி, கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் அதனை ஏற்றிவிடுவது. கோடையில் மத்திய இந்தியாவைக் கடக்கும் வண்டியில், முன்பின் பழகாத இருட்டுப் பெட்டியில் ஒன்றரை நாள் அடைபட்டுக் கிடப்பது அந்தப் பிராணிக்கு எத்தகைய வேதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பெரும்பாலோர்க்கு இது வழியாகாது.

வீட்டிலேயே விட்டு, பழகிய ஒருவரைத் தங்கச் செய்வது இரண்டாவது வழி. வயது முதிர்ந்த நாய்க்கும், நோயுற்று நாள்தோறும் மருந்து உண்ணும் நாய்க்கும், பிற நாய்களைக் கண்டால் அஞ்சி நடுங்கும் நாய்க்கும் இதுவே உத்தமம். ஆனால் உறவும் சுற்றமும் தொலைவில் இருக்கும் நமக்கு, பத்து நாள் வந்து தங்கக்கூடியவர் எளிதில் அகப்படுவதில்லை. அண்டை வீட்டார் இருவேளை வந்து சோறு வைப்பார்கள். மீதிப் பொழுதெல்லாம் நாய் தனித்திருக்கும். ஓரிரு நாளுக்கு அது பொருந்தலாம். அதற்கு மேல் பொருந்தாது. ஆகவே கென்னல் என்றும் போர்டிங் என்றும் மக்கள் வழங்கும் விடுதியையே பலரும் நாடவேண்டியதாகிறது.

விடுதியை எப்பொழுது தேடுவது? பயணச் சீட்டு வாங்கிய பிறகு தேடலாம் என்று எண்ணுவோர் பலர். திருமணத்துக்குப் போவோருக்கு அவகாசம் உண்டு. ஆனால் வெளியூரில் வாழ்பவர்க்கு எல்லாப் பயணமும் நாள் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் தொலைபேசி மணி ஒலிக்கிறது; ஊரில் தாயாருக்கு உடல்நிலை கவலைக்கிடம் என்ற செய்தி வருகிறது. விடியற்காலை விமானத்தைப் பிடிக்க வேண்டும். அந்தக் கலக்கத்தில் கைக்கு அகப்பட்ட இடத்தில் நாயை விட்டுச் செல்லுகிறோம். அந்த இடம் எத்தகையது, அங்கே இரவில் யார் இருப்பார்கள் என்று கேட்கக்கூட நேரமில்லை. துயரத்தோடு துயரமாக, விட்டு வந்த பிராணியைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளுகிறது. வருமுன் காத்தல் என்பது இந்த விஷயத்தில் மிகவும் பொருந்தும். பயணம் எதுவும் இல்லாத அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே விடுதிகளைப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, நாயையும் அவ்விடத்துக்குப் பழக்கி வைத்துவிட வேண்டும்.

பார்க்கப் போகும்போது நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நாய்கள் தங்கும் இடம், உண்ணும் இடம், உலாவும் இடம் எல்லாவற்றையும் காட்டும்படி கேளுங்கள். வாயிற்புறத்து அறையில் அமரவைத்து, கைப்பேசியில் அழகிய படங்களை மட்டும் காட்டுகிறவர்களிடம் நாயை ஒப்படைக்க வேண்டாம். பிற நாய்கள் மிரளும் என்று காரணம் கூறினால், ஓய்வு நேரத்தில் வருவதாகச் சொல்லுங்கள். அதற்கும் உடன்படாவிட்டால் அவ்விடம் நமக்கு வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் மூக்கும் காதும் முதலில் வேலை செய்யட்டும். நாய்கள் இருக்குமிடத்தில் சிறிது வாடை இருப்பது இயல்பு. கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி இயல்பன்று. அந்நியரைக் கண்டு நாய்கள் குரைப்பதும் இயல்பே. ஓயாத ஓலமும், மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் பார்வையும் இயல்பல்ல. நீர்க்கிண்ணங்களைக் கவனியுங்கள். அவற்றில் தெளிந்த நீர் நிறைந்திருக்கிறதா, பாசி படிந்திருக்கிறதா என்பது அந்த விடுதியின் நிர்வாகம் முழுவதையும் எடுத்துச் சொல்லிவிடும்.

பிறகு கட்டடத்தைப் பாருங்கள். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இரைத்தே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளுகிறது. பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் கடினம். ஆகவே வடநாட்டுக் கோடையில் தகரக் கூரையின் கீழ் அடைப்பது உயிருக்கே ஆபத்தாகும். குளிர்காலத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கவிடுவதும் தவறு. தரைக்கு மேல் கட்டிலோ தடித்த விரிப்போ இருக்க வேண்டும். மும்பை போன்ற இடங்களில் மழைநீர் உட்புகுமா என்று கேளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவானது. வெளிவாயிலுக்கும் நாய்கள் உலவும் இடத்துக்கும் நடுவே இரட்டைக் கதவு உண்டா என்பதும் முக்கியம். முன்பின் அறியாத இடத்தில் விடப்பட்ட நாய், முதல் இரண்டு நாட்களில் வழி கிடைத்தால் ஓடிவிடவே பார்க்கும்.

நோய்த் தடுப்பைப் பற்றி நீங்கள் கேட்குமுன் விடுதியார் உங்களைக் கேட்க வேண்டும். தடுப்பூசிச் சீட்டைக் காட்டாத நாயைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லும் விடுதியே நல்ல விடுதி. அந்தக் கண்டிப்பு உங்கள் நாயையும் காக்கிறது. ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவற்றுக்கான ஊசிகள் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ நோயின் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரணச் சோப்பு நீருக்கு அது அடங்காது; குளோரின் கலந்த கரைசல் போன்றவற்றால்தான் அழியும். எதனைக் கொண்டு தரையைக் கழுவுகிறார்கள் என்று கேட்பதன் காரணம் இதுவே. பல நாய்கள் கூடுமிடத்தில் எளிதில் தொற்றும் கென்னல் இருமலுக்கும் தடுப்பு மருந்து உண்டு. ஊசி போட்ட மறுநாளே அதன் பலன் கிட்டிவிடாது. பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இவற்றை முடித்துவிட வேண்டும். சுவர்ப் பிளவுகளில் உண்ணிகள் ஒளிந்திருக்கின்றனவா என்றும் நோக்குங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டு நாய்களை மிகவும் வாட்டும் நோய்.

கட்டடத்தைவிட முக்கியமானவர்கள் அங்கே பணிபுரியும் மனிதர்கள். எத்தனை நாய்க்கு ஒரு பணியாள்? இரவில் ஒருவர் அங்கேயே தங்குகிறாரா, அல்லது பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்களா? பெரிய நாயையும் சிறிய நாயையும் ஒரே இடத்தில் விளையாட விடுகிறார்களா? உணவைத் தனித்தனியே கொடுக்கிறார்களா? பருவத்துக்கு வந்த பெண் நாயைப் பிரித்து வைக்க வசதி உண்டா? உடல்நலம் குன்றினால் எந்தக் கால்நடை மருத்துவர் வருவார்? இக்கேள்விகளுக்குச் சலிப்பின்றி விடை கூறுபவர் தொழிலில் சிரத்தை உள்ளவர். "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்பவரிடம் நாம் கவலைப்படக் காரணம் இருக்கிறது.

இவற்றுள் சில, சட்டமே வற்புறுத்தும் கடமைகள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் விடாமுயற்சிக்குப் பின் இயற்றப்பட்டது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அம்மையாரே முதல் தலைவர். உடலை அசைக்கவும் இடமில்லாத கூண்டில் அடைப்பதும், குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், போதிய உணவும் நீரும் நிழலும் கொடாமல் விடுவதும் அச்சட்டப்படி குற்றங்கள். நியாயமான காரணமின்றிப் பிராணியைக் கைவிட்டுப் போவதும் குற்றமே. ஊர் மாற்றலாகிச் செல்பவர் நாயைத் தெருவில் விட்டுச் செல்வதும், பணத்தைக் கட்டிவிட்டு விடுதிக்குத் திரும்பி வராமலே இருந்துவிடுவதும் இந்நகரங்களில் நடக்கின்றன. விடுதியாரின் நேர்மையை ஆராயும் நாம் நம் பொறுப்பையும் மறத்தலாகாது.

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று மொழி. நம் வீட்டு நாய்க்கு "வா", "உட்கார்", "வேண்டாம்", "போதும்" என்ற சொற்களே தெரியும். விடுதிப் பணியாளோ இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ பேசுவார். நாய்க்கு மொழி வேற்றுமை தெரியுமா என்று வியக்க வேண்டாம். மெக்சிக்கோவிலிருந்து ஹங்கேரிக்குத் தம் நாயுடன் குடிபெயர்ந்த லாரா குவாயா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், பழகிய மொழியையும் பழகாத மொழியையும் கேட்கும்போது நாயின் மூளை வெவ்வேறாக இயங்குவதை 2022இல் வெளியிட்டனர். ஆகையால் பத்துப் பன்னிரண்டு சொற்களை அவ்வூர் எழுத்தில் எழுதி, பொருளையும் குறித்து, பணியாளிடம் கொடுங்கள்; இரண்டு முறை சொல்லியும் காட்டுங்கள். அயல் இடத்தில் பழகிய சொல் ஒன்று காதில் விழுவது எத்தனை ஆறுதல் என்பதை வெளியூரில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று உணவு. தயிர்சாதமும் முட்டையும் தின்று பழகிய நாய்க்குத் திடீரென்று வேறு தீனி கொடுத்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். வழக்கமான உணவு இன்னதென்று எழுதிக் கொடுங்கள். அதனைச் சமைத்துத் தர இயலாதென்றால், பயணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே விடுதி உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதையும் அக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

இடத்தைத் தேர்ந்தபின் ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். திரும்ப அழைக்கச் செல்லும்போது நாய் நடந்துகொள்ளும் விதமே விடுதிக்கு நற்சான்று அல்லது எச்சரிக்கை. நாள் வாடகை எவ்வளவு, மருத்துவச் செலவு யாருடையது, அவசரச் சிகிச்சைக்கு எவ்வளவு வரை நம்மைக் கேளாமல் செலவிடலாம், நாம் திரும்பத் தாமதமானால் என்ன செய்வது என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ரயிலில் நம் தொலைபேசி எட்டாதபோது முடிவு சொல்லக்கூடிய உள்ளூர் நண்பர் ஒருவரின் பெயரையும் கொடுங்கள். தீபாவளி, கோடை விடுமுறை நாட்களில் விடுதிகள் நிரம்பிவிடுமாதலால் முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம். வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் நாயாயின் தீபாவளி இரவில் அதனை எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள்.

விட்டுச் செல்லும் நாளில், நாம் உடுத்துத் துவைக்காத பழைய துணி ஒன்றைப் படுக்கையில் போடுங்கள். நம் வாடை அதற்குத் துணையாக இருக்கும். நெடுநேரம் கட்டித் தழுவிக் கண்ணீர் விடவேண்டாம். நம் கலக்கம் அதனையும் தொற்றிக்கொள்ளும். திரும்பி வந்ததும் ஓரிரு நாள் அது மிகுதியாக உறங்கலாம். ஆனால் உடலில் உண்ணி இருக்கிறதா என்று அன்றே தேடிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் இருமலோ காய்ச்சலோ கழிச்சலோ கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள்.

தன்னைத் தொடர்ந்து வந்த நாயை வெளியே விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமபுத்திரர் மறுத்ததாகப் பாரதம் கூறுகிறது. நாம் செல்வது சுவர்க்கமன்று, சொந்த ஊர்தான். அங்கே எல்லா வேளையிலும் நாயை அழைத்துப் போகவும் இயலாது. ஆயினும் அது பசியின்றி, பயமின்றி, நோயின்றி நம் வரவை நோக்கியிருக்கும்படி ஓர் இடத்தைத் தேடி வைத்துவிட்டுப் போவது நம்மால் இயலக்கூடிய காரியம். வாயில்லாப் பிராணி தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லாது. அதன்பொருட்டுக் கேட்க வேண்டிய கேள்விகளை நாம்தாம் கேட்க வேண்டும்.