நிறுவுதலும் ஆக்குதலும்



யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பேருந்து வல்லை வெளியைக் கடந்து வடமராட்சிக்குள் நுழைந்ததும் நெல்லியடிச் சந்தியை அடைகின்றது. சந்தையும் கடைகளும் தனியார் கல்வி நிலையங்களும் நெருங்கிய ஊர் அது. அதனைச் சூழ்ந்து கரவெட்டி, உடுப்பிட்டி, புலோலி முதலிய ஊர்கள் உள்ளன. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் 1932ஆம் ஆண்டு பிறந்த ஊர் கரவெட்டி. தமிழ்ப் பேரகராதி தந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் மேலைப் புலோலியைச் சேர்ந்தவர். இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளின் அலமாரிகளைத் திறந்து பார்த்தால், புராண உரைகளும் பள்ளிப் பாடநூல்களும் கோயில் மலர்களும், இறந்தோர் நினைவாக அச்சிடப்பெற்ற கல்வெட்டுப் புத்தகங்களும் இன்றும் கிடைப்பதுண்டு. அவற்றுட் பலவற்றிற்கு வேறு படி எங்குமே இல்லாதிருக்கலாம்.

புத்தகத்தின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கிய நெருப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றையேனும் காத்தல் வேண்டும் என்னும் எண்ணமுடையோர் 2005ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் படமாக்கப்பட்டு அதிலே வைக்கப்பட்டுள்ளன.

ஆயினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். ஒரு பக்கத்தைப் படம் பிடித்து வைத்தால் அப்பக்கம் அழியாது காக்கப்படுகின்றது. ஆனால் கணினிக்கு அது வெறும் படமே. ஓர் ஊர்ப் பெயரையோ ஒரு புலவர் பெயரையோ சொல்லி அப்பக்கத்தைத் தேடித் தருக என்றால் கணினியால் இயலாது. படத்திலுள்ள வரிவடிவங்களை எழுத்துக்களாக மாற்றினாலன்றோ தேடவும் எடுத்தாளவும் முடியும்? அம்மாற்றத்தைச் செய்யும் மென்பொருளை எழுத்துணரி என்பர். அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கட்டற்ற மென்பொருளை நம் கணினியில் நிறுவுவது எவ்வாறு, மூலத்திலிருந்து ஆக்கிக்கொள்வது எவ்வாறு, இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமை நமக்கு ஏன் முக்கியமானது என்பன பற்றி இன்று பேச விழைகின்றேன்.

அந்த மென்பொருளின் பெயர் டெசரக்ட். ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தார் 1985 முதல் 1994 வரை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலும் இதனை உருவாக்கினர். பின்னர் இது பத்தாண்டுகள் பயன்படாது கிடந்தது. 2005ஆம் ஆண்டில் இதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. 2006 முதல் பல ஆண்டுகள் கூகிள் நிறுவனம் இதன் வளர்ச்சிக்குத் துணை நின்றது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த 4ஆம் பதிப்பில், ஒரு வரி முழுவதையும் நோக்கி எழுத்துக்களை அறியும் நரம்பு வலையமைப்பு முறை சேர்க்கப்பட்டது. தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளை இது படிக்கும்.

மூலநிரல் திறந்துவிடப்பட்டது என்பதன் பொருள் யாது? கடையில் வாங்கிய பலகாரத்தை உண்ணலாம். அதன் செய்முறை கடைக்காரரிடமே இருக்கும். இங்கோ பலகாரமும் கிடைக்கின்றது, செய்முறையும் கிடைக்கின்றது, செய்முறையை மாற்றும் உரிமையும் கிடைக்கின்றது. ஆயத்தமாக உள்ளதை எடுத்துக் கணினியில் வைப்பது நிறுவுதல். மூலநிரலைப் பெற்று நம் கணினியிலேயே இயங்கு நிரலாகச் செய்துகொள்வது ஆக்குதல்.

முதலில் நிறுவுதலைப் பார்ப்போம். கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கின்றோம். நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்னும். வீடுகளிற் பெரும்பாலும் காணப்படுவது விண்டோஸ். இதற்குரிய நிறுவற்கோப்பை ஜெர்மனியிலுள்ள மன்ஹைம் பல்கலைக்கழக நூலகத்தார் ஆயத்தம் செய்து வழங்கி வந்துள்ளனர். நிறுவும்போது மொழிகளின் பட்டியல் ஒன்று தோன்றும். அதிலே தமிழைத் தெரிவு செய்யாது விட்டால் ஆங்கிலம் மட்டுமே வந்து சேரும். நிறுவி முடிந்தபின், மென்பொருள் இருக்கும் கோப்புறையின் பெயரை விண்டோஸின் தேடுபாதைப் பட்டியலிலே சேர்த்தல் வேண்டும். இல்லையேல் கட்டளை இட்டதும் ‘அப்படியொரு நிரல் இல்லை’ என்றே கணினி விடை தரும்.

மக் கணினியில் ஹோம்பிரூ என்னும் கட்டற்ற நிறுவற் கருவியின் துணையால் ஒரே கட்டளையில் டெசரக்டைப் பெறலாம். அங்கும் பிறமொழித் தரவுகள் தனித் தொகுதியாகவே உள்ளன. அதனையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டு போன்ற தளங்களில் மென்பொருட் களஞ்சியம் தளத்தோடு இணைந்தே இருக்கின்றது. இயந்திரத்திற்கு ஒரு தொகுதி, தமிழுக்கு ஒரு தொகுதி என இரண்டைக் கேட்டால் போதும்.

மூன்று தளங்களிலும் நேர்கின்ற பொதுவான இடர் ஒன்றுண்டு. தமிழைப் படிக்கச் சொன்னதும், ‘மொழித் தரவை ஏற்ற முடியவில்லை’ என்று டெசரக்ட் நின்றுவிடும். மென்பொருள் பழுதுற்றது என்றெண்ணிப் பலர் கைவிடுகின்றனர். உண்மையில் இல்லாதது தமிழ்த் தரவுக் கோப்பே. அல்லது அது வேறு கோப்புறையில் இருக்கின்றது. பிழைச்செய்தி எந்த இடத்திலே தேடினேன் என்பதையும் சொல்லும். அவ்விடத்தில் கோப்பை வைத்தால் இடர் நீங்கும். பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படித்தல் இக்கலையின் முதற் பாடம்.

இவ்வாறு நிறுவிய எழுத்துணரி, அண்மையில் அச்சான தமிழ் நூலைப் பெரும்பாலும் நன்றாகவே படிக்கும். ஆனால் அலமாரியிலுள்ள பழைய நூலை அதன் முன் வைத்தால் தடுமாறும். காரணம் எழுத்துச் சீர்திருத்தம். தந்தை பெரியார் தம் இதழில் 1935 முதல் கையாண்ட திருத்தங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன்படி 13 எழுத்துக்களின் வடிவம் மாறிற்று. அதற்கு முன்னர் ணா, றா, னா என்பவை கால் தனியே நில்லாது சுழித்து எழுதப்பெற்றன. ணை, லை, ளை, னை என்பவற்றின் முன்னே யானைத் துதிக்கை போன்ற வளைவு நின்றது. டெசரக்டுக்கு எழுத்தறிவித்தோர் இக்காலக் கணினி எழுத்துருக்களைக் கொண்டே பெரும்பாலும் பயிற்றினர். அவ்வெழுத்துருக்களிற் பழைய வடிவங்கள் இல்லை. காணாத எழுத்தை அது எவ்வாறு அறியும்? முற்கால ஈழத்து நூல்களோ பழைய வடிவங்களால் நிறைந்தவை.

இவ்விடத்தில் மன்ஹைம் நூலகத்தாரை மீண்டும் நினைவுகூர்தல் தகும். ஒரு நூலகம் விண்டோஸுக்கு நிறுவற்கோப்பு ஆக்கியது ஏன்? ஜெர்மானியர் முற்காலத்தில் பிராக்டூர் என்னும் கோணல் எழுத்தில் தம் நூல்களையும் செய்தித்தாள்களையும் அச்சிட்டனர். அப்பழைய தாள்களைக் கணினி படித்தல் வேண்டும் என்று மன்ஹைம் நூலகத்தார் விரும்பினர். மூலநிரல் திறந்திருந்தமையால் அவர்கள் எவர் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. தம் பழைய எழுத்தை டெசரக்டுக்குத் தாமே கற்பித்தனர். அதன் ஆக்கத்திலும் பங்குகொண்டனர். அவர்கள் தம் தேவைக்குச் செய்ததன் பயனை இன்று நெல்லியடியிலிருப்பவரும் பெறுகின்றார். நம் பழைய எழுத்தை யார் கற்பிப்பர்? பெரு நிறுவனங்களுக்கு அதில் ஆதாயம் இல்லை. நாமே கற்பித்தல் வேண்டும். அதற்கு நிறுவத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆக்கவும் அறிதல் நன்று.

ஆக்குதல் பெரிய மந்திர வித்தையன்று. களஞ்சியத்தில் உள்ள பதிப்பு சில வேளை பழையதாயிருக்கும். எடுத்துக்காட்டாக, டெசரக்டின் 5ஆம் பதிப்பு 2021 நவம்பரில் வெளிவந்தது; 2022 ஏப்ரலில் வந்த உபுண்டுவின் களஞ்சியத்திலோ 4ஆம் பதிப்பே இருந்தது. புதியதை விரும்பியவர் மூலத்திலிருந்து ஆக்கிக்கொள்ளலாயினர். அதற்கு முதலில் தொகுப்பி என்னும் கருவி வேண்டும். மனிதர் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது அது. அடுத்து, படங்களைக் கையாளும் லெப்டோனிக்கா என்னும் துணைநிரல் வேண்டும். துணைநிரல்கள் லினக்ஸில் இரு கூறாக வரும். ஒன்று இயக்குவதற்கு, மற்றொன்று ஆக்குவோருக்குரிய தலைப்புக் கோப்புகள் அடங்கியது. முதலாவதை மட்டும் நிறுவிவிட்டு, ‘லெப்டோனிக்கா இருக்கின்றதே, ஏன் இல்லையென்கின்றது?’ என்று மயங்குவோர் பலர். இரண்டாவது கூறையும் நிறுவினால் மயக்கம் தீரும்.

பின்னர் மூலநிரற் கோப்புறைக்குட் சென்று நான்கு படிகள் ஏற வேண்டும். முதற்படி, ஆக்குதற்குரிய குறிப்புகளை உருவாக்குதல். இரண்டாவது, தேவையானவை யாவும் நம் கணினியில் உள்ளனவா என்று சோதித்தல். இங்கேதான் தடைகள் தோன்றும். எது இல்லை என்று கணினி பெயர் சொல்லும். அதனை நிறுவிவிட்டு மீண்டும் சோதித்தல் வேண்டும். மூன்றாவது, தொகுத்தல். நினைவகம் குறைந்த பழைய கணினியாயின் பல வேலைகளை ஒருங்கே செய்யச் சொல்லாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவிடுதல் நலம். நேரம் செல்லும், ஆனால் வேலை முடியும். நான்காவது, ஆனதை உரிய இடத்தில் வைத்தல். வைத்தபின், புதிய துணைநிரல் வந்திருக்கின்றது என்று லினக்ஸுக்கு அறிவிக்கும் சிறு கட்டளை ஒன்றும் உண்டு. அதனை மறந்தால், ஆக்கிய மென்பொருள் தன் துணைநிரலையே காணாது தவிக்கும்.

இனிக் கற்பித்தலுக்கு வருவோம். பழைய நூலின் பக்கத்தை வரி வரியாகப் படங்களாக வெட்டுதல் வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும், அவ்வரியில் உள்ளதை எழுத்துப் பிசகாது தட்டச்சு செய்த சிறு கோப்பு ஒன்று துணையாக வேண்டும். பழைய ‘னை’யும் புதிய ‘னை’யும் யூனிக்கோட் முறையில் ஒரே எழுத்துக்களே; மாறியது தோற்றம் மட்டுமே. ஆதலால் புதுக் குறியீடு எதுவும் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தமிழ்த் தரவு விரைவானது, சிறந்தது எனத் தனித்தனி வகைகளாகக் கிடைக்கின்றது. விரைவானதற்கு மேலும் கற்பித்தல் இயலாது; சிறந்தது எனப்படுவதையே அடித்தளமாகக் கொள்ளல் வேண்டும்.

இப்பணியில் இளைஞர் மட்டும் போதார். பழைய எழுத்தைத் தடையின்றிப் படிப்போர் பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டிமாரே. பேத்தி தட்டச்சிட, பாட்டனார் வாசித்துத் திருத்துவது வீட்டுத் திண்ணையிலேயே நடக்கக்கூடியது. ஆனால் கறையானும் காத்திராது, முதுமையும் காத்திராது. கணினியும் ஓய்வும் பின்னரும் கிடைக்கும். படிக்கத் தெரிந்த கண்கள் பின்னர் கிடையா.

இத்தகைய முயற்சி யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்தபோது, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இக்குடாநாட்டு மக்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பிள்ளைகள் படித்தனர். பொருளின் உட்புறத்தைத் திறந்து பார்த்து, இருப்பதைக் கொண்டு இயங்கச் செய்யும் அப்பழக்கத்தை அன்று தேவை கற்பித்தது. கட்டற்ற மென்பொருள் அதே பழக்கத்திற்கு இன்று உரிமையும் அளிக்கின்றது. மூடிவைத்த பெட்டியைப் பயன்படுத்துவோன் பெட்டி செய்தவன் நினைத்ததை மட்டுமே செய்யலாம். திறந்த பெட்டியைப் பெற்றவன் தான் நினைத்ததையும் செய்யலாம்.

ஆகவே, நெல்லியடியிலும் அதன் அயலூர்களிலும் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எழுத்துணரியை முதலில் நிறுவிப் பாருங்கள். உங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய கல்வெட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை அதனிடம் கொடுங்கள். அது எங்கெங்கே பிழைக்கின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பே நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் முதற் பக்கம். பிறகு மூலநிரலைத் திறவுங்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அவர்களுக்கு ஒரு கணினியையும் சிறிது பொறுமையையும் அளித்தால் போதும்.